பூட்டு பாயைக் கொன்ற கதை

திருச்சியில் பூட்டு பாயைவிடச் சந்தோஷமான மனிதர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. அவரைத்தான் நான் சோகத்தில் சாகடித்தேன்.

பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு எதிர்வீடு. சாவியைத் தொலைத்தவர்களுக்குப் பூட்டைத் திறந்து கொடுப்பது தொழில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறுதோறும் நாலு அடுக்கு கேரியரில் பிரியாணி கட்டிக்கொண்டு ஆற்றங்கரை முக்கொம்புக்குப் போவார். பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுப்பார். இன்னொன்று யாருக்கு என்று கண்டக்டர் கேட்டால், "பக்கத்துல யாரும் உக்காரக் கூடாதுன்னுதான்" என்பார். டிவியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் எழுந்து நின்று பதில் வணக்கம் சொல்லி, அத்தோடு அணைத்துவிடுவார்.

நான் அப்போது கல்லூரியில் இலக்கியம் நடத்திக்கொண்டு, கதையும் எழுதிக்கொண்டிருந்தேன். தனிமைதான் ஒரு பாத்திரத்துக்கு ஆழம் தரும் என்பது என் கட்சி. கையருகே ஆழமாகப் பாய் இருந்தார். பதினோரு பக்கம் அவரைச் சுவரைப் பார்த்து அழவைத்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் கொள்ளிடத்தில் இறக்கினேன். பேரை மாற்றினேன், பூட்டையும் கேரியரையும் மாற்றவில்லை.

கதை வாரப் பத்திரிகையில் வந்ததும் சந்து பதறிப்போனது. விடிந்தால் யாராவது கதவைத் தட்டி, பாய் மூச்சுவிடுகிறாரா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். கண்டக்டரும் கதையைப் படித்திருந்தார். தண்ணீர் பக்கம் தனியாகப் போகாதீர்கள் பாய் என்று சொல்லி, டிக்கெட் தராமல் இறக்கிவிட்டார். கடைசியில் லால்குடியிலிருந்து தங்கை மகன் வந்து, மாமா இனி எங்களோடுதான், ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் போனான்.

அந்தச் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் என் கதைக்குப் பாராட்டுக் கூட்டம். நாயகனின் தனிமையைப் பற்றி ஒருவர் கண் கலங்கிப் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் பாய் எழுந்தார்.

"செத்துப்போனது நான்தாங்க."

பேச்சாளர் உட்கார்ந்துவிட்டார்.

"குவைத்துல ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு. இருபது வருஷம் அடுத்தவன் கால் என் மூஞ்சில. அல்லா கிருபையில இப்பத்தான் ஒரு ரூம் முழுசா எனக்குன்னு இருக்கு. அதுக்கு வேட்டு வெச்சிட்டீங்க சார். கொன்னதுக்குக் கோவமில்ல. அழ வெச்சீங்க பாருங்க, அதான் தப்பு. மாத்தி எழுதுங்க."

தனியாக இருப்பவன் சந்தோஷமாக இருந்தால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள் என்றேன்.

"அப்ப வாசகரை மாத்துங்க."

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். மாற்றி எழுதவில்லை. மறுநாள் வேன் வந்தது.

எட்டுப் பேர் இருந்த வீட்டில் எட்டு நாள் தாங்கினார். ஒன்பதாம் நாள், தங்கை மகன் வாசலுக்குப் போட்டிருந்த பூட்டைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். பூட்டுக்காரரைப் பூட்டிவைக்கப் பார்த்த குடும்பம் உலகத்திலேயே அது ஒன்றுதான். சந்தின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இனிமே யாரும் கதவைத் தட்டாதீங்க. செத்தா நாத்தம் வரும். அப்ப வாங்க."

இப்போது நான் கிழவன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கதையில் இருந்தது என் தனிமை. அன்று என் வீட்டில் ஐந்து பேர். பேச ஒருவர் இல்லை. அதை என் பேரில் எழுத வெட்கப்பட்டு அவர் தலையில் கட்டினேன். போன மாதம் அவர் வாசலில் நின்று இதைச் சொன்னேன். கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"எதிர்வீடுதானே சார். ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேனே."