கம்பிக்கு ஐந்து மணி, காற்றுக்கு ஏழு மணி

தேர்தல் வாக்குறுதிகள் இரண்டு வகை. ஒன்று மண்ணுக்கு அடியில் வரும். இன்னொன்று வானத்தில் வரும். நடுவில் தரையில் நிற்கிற நமக்கு எது வந்து சேர்ந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. (பேசித்தான் கெட்டேன். அந்தக் கதைதான் இது.)

இரண்டாயிரங்களின் தொடக்கம். பெங்களூர் மர்பி டவுனில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி சுமதி, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த மகள். நான் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேசும் வேலையில் இருந்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. "மோடத்தை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் சொல்லத் தெரிந்தால் போதும். அப்படியும் சரியாகாவிட்டால், "கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஆனால் தெருவுக்கு நான் கம்ப்யூட்டர்காரர். டி.வி. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சுமதி என்னைவிடக் கெட்டிக்காரி. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்க்குள்ளேயே முணுமுணுப்பதைக் காதில் கேட்டு, அதைத் தப்பில்லாமல் டைப் அடித்துத் தரும் வேலை அவளுக்கு. ஆபீஸ் பொம்மனஹள்ளியில். நீட்டி வாங்கிய பிரசவ விடுப்பு முடியும் சமயத்தில் அவளுடைய மேனேஜர் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். வீட்டில் ஒழுங்கான இன்டர்நெட் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லையென்றால் மாதக் கடைசியில் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், அல்லது இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி பொம்மனஹள்ளிக்கு எப்படிப் போவது?

எங்கள் வீட்டில் இருந்தது டெலிபோன் வழியாக வரும் இன்டர்நெட். அதிலும் கீழ்வீட்டு ஓனருக்கும் எங்களுக்கும் ஒரே லைன். அவர் கீழே ரிசீவரைத் தூக்கினால் மாடியில் டாக்டர் பாதிப் பேச்சில் அறுந்து விழுவார். லேசாகத் தூறினாலே லைனில் கொர்ரென்று சத்தம் வரும். தனி லைன் கேட்டால், தெருமுனைப் பெட்டியில் இடமில்லை என்று பதில். சுமதி சோதனைக்காக ஒரே ஒரு டாக்டரின் குரலை இறக்கப் பார்த்தாள். காலையில் ஆரம்பித்தது, மத்தியானம் குழந்தைக்குச் சோறு ஊட்டி முடிக்கும்வரை வந்துகொண்டே இருந்தது, கடைசியில் ஓனர் யாருக்கோ போன் செய்தார்.

"எனக்குன்னு இருக்கறது இந்த வேல ஒண்ணுதாங்க" என்றாள் அன்று. அவள் எதையும் அப்படிக் கேட்கிறவள் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் இன்டர்நெட்டைக் கையில் எடுத்துக்கொண்டன. பெயர் வேண்டாம். கம்பிக் கட்சி, காற்றுக் கட்சி என்றே வைத்துக்கொள்வோம். நாடு முழுக்க மண்ணுக்கடியில் கம்பி புதைத்து வீட்டுக்கு வீடு இன்டர்நெட் தருவோம் என்றது ஒன்று. பள்ளம் தோண்டாமல், டவர் நட்டு, காற்றிலேயே அனுப்புவோம் என்றது இன்னொன்று. டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் இதற்காக அடித்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அலுப்பு.

"கம்பின்னா ரோட்ட நோண்டுவான். நோண்டறவன் மூடுவானா?" என்றார் டீக்கடைக்காரர்.

"டவருன்னா தலவலி வருமாமே" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

எதிர்வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த பிலோமினா அக்கா ஒரேயடியாக முடித்துவிட்டார். "கொழாத் தண்ணியே ஒரு நாள் வுட்டு ஒரு நாள்தான் வருது. இன்டர்நெட்டு மட்டும் டெய்லி வந்துடப்போதா?"

இங்கே ஏழுமலை அண்ணனை அறிமுகம் செய்ய வேண்டும். ஷாமியானா, நாற்காலி, மைக், கொடி, கூட்டத்துக்கு ஜனம் எல்லாம் அவர் சப்ளை. எந்தக் கட்சி கேட்டாலும் கொடுப்பார். அந்தத் தொகுதியிலேயே கட்சி பேதம் பார்க்காத ஒரே மனிதர் அவர்தான்.

தமிழர்கள் அதிகம் வாழும் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளர் கன்னடத்தில் பேசுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்ல வேண்டும். கன்னடம் புரியாதவர் என்று மர்பி டவுனில் யாரும் கிடையாது. குழந்தைகூடக் கன்னடத்தில் சண்டை போடும். ஆனாலும் தமிழில் சொன்னால்தான் மதித்ததாக அர்த்தம். முதல் தடவை புரிந்துகொண்டு, இரண்டாம் தடவைதான் கை தட்டுவார்கள்.

"கம்பிக் கட்சிக்காரங்க படிச்ச ஆளா கேக்கறாங்க தம்பி" என்று வந்தார் ஏழுமலை அண்ணன். "இன்டர்நெட்டுப் பேச்சு பாரு, நமக்கு வாயில நொழையல. நீ பேசிடு. கம்பி வந்தா ஃபர்ஸ்ட்டு உன் வீட்டுக்குத்தான். வேட்பாளர் அண்ணங்கிட்டயே சொல்லிட்டேன்."

முதல் கம்பி என் வீட்டுக்கு! உடனே ஒப்புக்கொண்டேன். மறுநாளே அண்ணன் மறுபடி வந்தார். காற்றுக் கட்சிக்கு வழக்கமாகத் தமிழில் சொல்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். அவர்களும் முதல் இணைப்பு என் வீட்டுக்கே தருவார்களாம்.

"ரெண்டும் ஒரே ஞாயித்துக்கெழம, ஒரே எடம். அஞ்சு மணிக்கு அவங்க, ஏழு மணிக்கு இவங்க. நடுவுல கொடிய மாத்திட்டா முடிஞ்சுது."

"ஜனங்க வேற வேறதானே அண்ணே?"

"அது வேற கூட்டம், இது வேற கூட்டம்" என்றார். (கூட்டம் வேறுதான். ஆட்களைப் பற்றி நான் தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.)

கம்பி வந்தால் கம்பி, இல்லாவிட்டால் காற்று, எப்படியும் சுமதிக்கு வேலை நிலைக்கும் என்று கணக்குப் போட்டேன். சுமதிக்குத்தான் சரியாகப் படவில்லை.

"ஏங்க, ரெண்டு பக்கமுமா பேசப்போறீங்க?"

"நான் எங்க பேசறேன்? அவங்க சொல்றதத் தமிழ்ல சொல்றேன். நான் ஒரு குழாய் மாதிரி."

"நம்ம தெருவுல குழாயோட லட்சணம் தெரியும்ல?" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி. கம்பிக் கட்சி வேட்பாளர் சாதுவான பெரியவர். "வீட்டுக்கு வீடு கம்பி வர முயற்சி செய்வோம்" என்று அடக்கமாகக் கன்னடத்தில் சொன்னார். முயற்சிக்கு யார் கை தட்டுவார்கள்? நான் மைக்கைப் பிடித்து, "தீபாவளிக்குள்ள உங்க சமையல்கட்டு வரைக்கும் கம்பி வரும்!" என்றேன். கைதட்டல் ஷாமியானாவைத் தூக்கியது.

நாள் முழுக்கப் போனில் திட்டு வாங்கிப் பழகிய காதுக்குக் கைதட்டல் ஆகாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் நானாகவே ஆரம்பித்துவிட்டேன். "காத்துல வர்ற இன்டர்நெட்ட நம்பாதீங்க! மழ பேஞ்சா நனைஞ்சு போயிடும்! காக்கா குறுக்க பறந்தா அறுந்து போயிடும்!" விசில் பறந்தது. பெரியவர் சந்தேகமாக என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் எதுவும் பேசாமலேயே அவருக்கு அவ்வளவு ஆதரவு!

கூட்டம் முடிந்து கொடிகளை மாற்றினார்கள், பின்னால் இருந்த துணியை மாற்றினார்கள். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். நாற்காலிகளில் அதே ஆட்கள். முன் வரிசையில் அதே பிலோமினா அக்கா, முதல் கூட்டத்தில் கொடுத்த பிசிபேளாபாத் பொட்டலம் மடியில், இரண்டாம் கட்சியின் கொடி கையில்.

"அண்ணே, இவங்கல்லாம் வீட்டுக்குப் போகலியா?"

"எப்படி போவாங்க? இந்தக் கூட்டம் முடிஞ்சாத்தானே பிரியாணி" என்றார் ஏழுமலை அண்ணன்.

வீட்டுக்கு ஓடிச் சட்டை மாற்ற நேரமில்லை. காற்றுக் கட்சித் துண்டு ஒன்றை வாங்கி முகவாய் வரைக்கும் சுற்றிக்கொண்டேன். தலைமுடியை எதிர்ப்பக்கமாக வாரிக்கொண்டேன். (அப்போது எதிர்ப்பக்கம் வாரும் அளவுக்கு முடி இருந்தது.) அதோடு நான் வேறு ஆளாகிவிட்டதாக நம்பி மேடை ஏறினேன். முன் வரிசை முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது.

காற்றுக் கட்சி வேட்பாளர் இளைஞர், கோபக்காரர், தொண்டையும் பெரியது. நான் குனிந்த தலை நிமிராமல், ஒரு வார்த்தை கூட்டாமல் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நல்லபடியாகத்தான் போனது. திடீரென்று அவர் மேஜையை ஒரு குத்துக் குத்தினார். சாயந்திரம் இதே மேடையில் யாரோ மழையில் இன்டர்நெட் நனையும் என்றும் காக்கா பறந்தால் அறுந்துவிடும் என்றும் சொன்னதாக அவருக்குத் தகவல் போயிருந்தது. யார் என்பது மட்டும் போகவில்லை.

"யாவ முட்டாள ஹேளித்து?" என்று கர்ஜித்தார்.

கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. நான் தமிழில் சொல்வதற்காக, அத்தனை பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

வேறு வழியில்லை. மைக்கில் சொன்னேன். "எந்த முட்டாள் அப்படிச் சொன்னது?"

"நீதாம்பா!" என்றது மர்பி டவுன், ஒரே குரலில்.

வேட்பாளர் அதைத் தனக்கு வந்த ஆரவாரம் என்று நினைத்துக் கைகூப்பி நாலாபக்கமும் வணங்கினார். பிறகு என் பக்கம் குனிந்து, "ஏனந்தாரே ஜன?" என்று கேட்டார். ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று நான்தான் அவருக்குக் கன்னடத்தில் சொல்ல வேண்டும். "தெரிந்தவர்தான் என்கிறார்கள்" என்று இழுத்தேன். பிலோமினா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, சுத்தமான கன்னடத்தில், என்னை நோக்கிக் கை நீட்டி, "இவ்ரே ஸார் ஹேளித்து!" என்றார்.

"நீனா?" என்று வேட்பாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மைக் அதையும் தெருமுனை வரைக்கும் கொண்டுபோனது. எனக்கு மூளை நின்றுவிட்டது. மூளை நின்றால் வாய் பழகியதைத்தான் சொல்லும்.

"அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்றேன்.

ஏழுமலை அண்ணன் உண்மையாகவே மைக்கை அணைத்துவிட்டார். மறுபடி போடவில்லை.

சிரிப்பு அடங்கியபோது பின் வரிசையில் சுமதி எழுந்து நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. ஏதோ என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"கம்பியோ காத்தோ, எது வந்தாலும் சந்தோஷம் சார். அது வர்ற வரைக்கும் இப்ப இருக்கற போன் லைன யாரு பாப்பாங்க? என் வேலைக்கு மாசக் கடைசி வரைக்குந்தான் டைம் இருக்கு."

வேட்பாளர் என்னைப் பார்த்தார். நான் கன்னடத்தில் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அன்று முழுக்க நான் பேசியதிலேயே உண்மையான பேச்சு அது ஒன்றுதான். அதுவும் அவளுடையது.

"எல்லா மாடோணா" என்றார் அவர்.

"எல்லாம் செஞ்சிடலாம்" என்று தமிழில் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. எழுந்து பிரியாணி வரிசைக்குப் போனார்கள்.

ஓட்டுப் போடுவதற்கு முன்பே ஒரு நாள் காலையில் கடப்பாரையோடு ஆட்கள் வந்து எங்கள் வீட்டு வாசலில் தோண்ட ஆரம்பித்தார்கள். யார் அனுப்பியது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஏழுமலை அண்ணன் கொடுத்த வாக்கு பலிக்கிறதென்று நான் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டீ குடித்த தெம்பில் ஓங்கிய முதல் குத்திலேயே டெலிபோன் கேபிள் துண்டானது. எங்கள் வரிசை முழுக்கப் போன் ஊமை. ஆட்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. தெரு மொத்தமும் பள்ளத்தைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

மாதக் கடைசி வந்தது. கம்பி வரவில்லை, காற்றில் காற்றுதான் வந்தது. சுமதி புடவைக்கு இஸ்திரி போட்டாள். விடிந்ததும் பொம்மனஹள்ளிக்குக் கிளம்பினாள். நான் மாலை ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நான் குழந்தையோடு ஸ்டாப்பில் நிற்பேன். "பால் குடிச்சிட்டா", "ஜுரம் இல்ல" என்று சொல்லிக் குழந்தையை அவள் தோளில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவேன். பல வருஷம் எங்கள் குடும்ப வாழ்க்கை அந்த பஸ் ஸ்டாப்பில்தான் நடந்தது. அவள் முகத்தில் இருந்த களைப்பைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்கு ஒரு கம்பி கொண்டுவர முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அவள் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. வேலையை மட்டும் விடவில்லை. பின்னால் அந்த ஆபீசிலேயே பத்துப் பேருக்கு மேலதிகாரியாக உட்கார்ந்தாள்.

குத்திக்காட்டவில்லை என்றேனே தவிர, விட்டுவிட்டாள் என்று சொல்லவில்லை.

இப்போது வீட்டுக்குள் கம்பியும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. போன மாதம் ஒரு பேய்மழையில் இரண்டும் சேர்ந்து போயின. சுமதி ஆபீஸ் மீட்டிங்கில் பாதிப் பேச்சில் அறுந்து விழுந்தாள். உள்ளே இருந்து மகளும் எழுந்து வந்தாள். மழையில் நனையும் என்று நான் அன்றைக்கே சொன்னேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

சுமதி மேஜையை ஒரு குத்துக் குத்தினாள். "யாவ முட்டாள ஹேளித்து?"

மகளுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தாள். தமிழில் சொன்னேன். சொல்லாமல் விடமாட்டார்கள்.

"நீதாம்பா!" என்றார்கள் இருவரும். கல்யாணமான நாள் முதல் என்னை வாங்க, போங்க என்றே பேசுகிற சுமதி, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மரியாதை பார்ப்பதில்லை.