சறுக்கும் வெள்ளைப் பட்டை

"ஐயோ, மறுபடியும் கீழ எறங்கிடுச்சே!"

சக்கரபாணி தலையில் கை வைத்துக்கொண்டார். சாரம் கடைத்தெருவில் அவர் நடத்தும் டி.டி.பி. கடையின் ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் ஒண்டுக்குடித்தனம். ஆன் பண்ணினால் எது வேண்டும் என்று ஒரு மெனு வரும். மேலே விண்டோஸ், கீழே லினக்ஸ். எது தேர்வாகிறது என்று காட்டும் வெள்ளைப் பட்டை எப்போதும் மேலேயே நிற்கும்; இன்றைக்கு ஏற்றி விட்டாலும் கீழே சறுக்கியது. திறந்ததெல்லாம் லினக்ஸ். வேலை முழுக்க விண்டோஸில்.

"தம்பி, பத்திரிகை..." என்றாள் கல்யாணப் பெண்ணுக்கு அம்மாவான குஞ்சம்மாள். "சம்பந்தி வீட்டுல ராத்திரி பிளைட்டுக்குப் பாரீசு போறாங்க. அங்க வெக்கிற பத்திரிகைய அவங்க கையில குடுத்தனுப்பலன்னா எம்மானம் போயிடும்."

"ஒரு பக்கம் தமிழு, ஒரு பக்கம் பிரெஞ்சுன்னு முந்தாநாளே முடிச்சிட்டேம்மா. பொட்டிதான் விட மாட்டேங்குது. நேத்து ஆயுத பூசைக்கு எவ்ளோ செஞ்சேன் இதுக்கு! மாலையென்ன, ஒரு எடம் விடாம சந்தனம் குங்குமமென்ன..."

"ஏந்தம்பி, இங்க ஒண்ணு..."

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா. இது கம்ப்யூட்டர் சமாச்சாரம்."

மனைவியின் அண்ணன் மகன் வெற்றிவேலுக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டர் மாத இதழோடு இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி.யை, யாரும் கேட்காமலே இதில் ஏற்றியவன் அவன்தான்.

"லினக்ஸுக்குள்ள போயி மெனு ஃபைல்ல ஒரே ஒரு நம்பர மாத்துங்க மாமா. தானா விண்டோஸுக்குப் போயிடும்."

ஃபைலைத் திறந்தார். கர்சர் குடுகுடுவென்று, லினக்ஸைத் திறக்கும் கடைசி வரிக்கு ஓடியது. அவர் அடித்த நம்பர் அங்கே போய் உட்கார்ந்தது. திரும்ப ஆன் பண்ணினால், பட்டை அதே லினக்ஸுக்குத்தான் இறங்கியது. இப்போது லினக்ஸும் திறக்கவில்லை.

"முன்னாடி ஒண்ணாவது தெறந்துச்சு," என்றாள் குஞ்சம்மாள். "தம்பி, நான் என்ன சொல்றன்னா..."

"அம்மா!"

வெற்றிவேல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். பார்த்தான். "வைரஸ் மாமா."

"லினக்ஸுக்கு வைரஸே வராதுன்னு சொல்லித்தானடா போட்டே?"

"மெனுவுக்கு வந்திருக்கும். மெனுவே வேணாம், விண்டோஸப் புதுசாப் போட்டுடலாம்."

விண்டோஸ் சி.டி. ஓடியது. டிஸ்கில் எந்தப் பாகத்தில் போடட்டும் என்று கேட்டது. வெற்றிவேல் பட்டையை முதல் பாகத்துக்கு ஏற்றினான். மாமா பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, இவ்ளோதான்," என்று சிரித்தபடியே என்டரைத் தட்டினான். அந்தச் சிரிப்புக்குள் பட்டை கடைசிப் பாகத்துக்கு இறங்கியிருந்தது. கம்ப்யூட்டர் அதைச் சுத்தமாகத் துடைக்க ஆரம்பித்தது.

"டேய், அதுல என்னடா இருந்துச்சு?"

"நீங்கதான் மாமா சொல்லணும்."

கல்யாணப் பத்திரிகை இருந்தது.

மத்தியானம் விண்டோஸ் வந்துவிட்டது. மெனு இல்லை, லினக்ஸ் இல்லை, பத்திரிகையும் இல்லை. உழவர்கரை அச்சகத்துக்காரர் வேறு, "ரெண்டு மணி வரைக்கும்தான் மெஷின நிறுத்தி வெப்பேன்," என்று போனில் கத்தினார்.

சக்கரபாணி முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தார். நாலு வரி அடித்துவிட்டுப் பெண்ணின் பெயரைத் திருத்த மேலே போனார். கர்சர் வழுக்கிக்கொண்டு கடைசி வரிக்கு ஓடியது. மேலே கொண்டுபோனார். ஓடியது.

"இங்கயுமா?"

வெற்றிவேல் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தான். சக்கரபாணி நாற்காலியில் அப்படியே சாய்ந்தார்.

"நீங்களாவது பேசுங்கம்மா. காலையிலேருந்து என்னமோ சொல்ல வந்தீங்களே, என்னா அது?"

குஞ்சம்மாள் கீபோர்டின் பக்கம் விரலை நீட்டினாள்.

"ஒண்ணுமில்ல தம்பி. இந்தக் கீழ்ப்பக்கம் அம்பு போட்ட பட்டனு, சந்தனம் ஒட்டி அமுங்கினாப்பலயே கெடக்குதே... பூசை போட்டது காயட்டும்னு நீங்கதான் விட்டு வெச்சிருக்கீங்களோன்னு கேக்க வந்தேன்."