பதினாலாம் நம்பர் கூடாரம்

அன்பும் பண்பும் ததும்பி வழிந்து அறிவுக்கு மட்டும் இடமில்லாமல் போன என் அக்கா மகனும், மாநகர மன்றத்தின் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குகிறவருமான மாப்பிள்ளைக்கு,

பூங்காச் சாலைக் குடியிருப்போர் சங்கத்தின் நிரந்தரத் தலைவரும், தன்னை எதிர்த்து நிற்க இன்னொருவரைப் பிறக்கவே விடாதவரும், ஒரு இருமலில் இரண்டு தெருக்களின் கதவுகளைத் திறக்க வைக்கக்கூடியவருமாகிய உன் மாமன் எழுதிக்கொள்வது. இந்த இடத்தில் நான் நலம், நீ நலமா என்று எழுத வேண்டும். எழுதத்தான் ஆரம்பித்தேன். ‘நான்’ என்று போட்டதும் கை நின்றுவிட்டது. நலத்தைப் பற்றிச் சந்தேகமில்லை. அந்த முதல் சொல்லைப் பற்றித்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு என் கூடத்துத் தேக்கு மேசையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சகல மரியாதைகளோடும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். காற்று கொஞ்சம் அதிகம். தாள் பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்திருக்கிறேன்.

வீடில்லாதவர்கள் பூங்காவிலும் நடைபாதையிலும் கூடாரம் போட்டுத் தங்கலாமா கூடாதா என்று வியாழக்கிழமை உங்கள் மன்றத்தில் ஓட்டெடுப்பு. இந்தப் பக்கம் பாதிப் பேர், அந்தப் பக்கம் பாதிப் பேர், நடுவில் கொட்டாவி விட்டுக்கொண்டு நீ. உன் கை எப்படி எழுகிறதோ அப்படித்தான் தீர்ப்பு. போன மாதம் உன்னைப் போனில் கூப்பிட்டு, “தூக்கிடுடா எல்லாத்தையும்! பூங்கா பூங்காவா இருக்கணும்!” என்று கர்ஜித்தேனே, அந்தக் கர்ஜனையில் கடலே இரண்டடி பின்வாங்கியிருக்கும். அதை இப்போது நான் வாபஸ் வாங்குகிறேன். தங்கலாம் என்று கையைத் தூக்கு. ஏன் என்றால் கேள்.

ஆலைப் பக்கம் அந்தப் பழைய அடுக்குமாடியை இடித்தார்களே, அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு எதிரே பூங்காவில் முதல் கூடாரம் முளைத்தது. நான் ஒரு தும்மல் போட்டு நிமிர்வதற்குள் பக்கத்தில் இன்னொன்று. மூக்கைத் துடைப்பதற்குள் ஒரு வரிசை. உடனே சங்கத்தைக் கூட்டினேன். எங்கள் செயலாளர் பல் டாக்டர் என்பதால் கூட்டம் எப்போதும் அவருடைய கிளினிக்கில்தான் நடக்கும். தலைவருக்கு, அதாவது எனக்கு, சாய்த்துப் பல் பிடுங்கும் நாற்காலி. அண்ணாந்து படுத்தபடியே தீர்மானம் போட்டேன்: ஒவ்வொரு வீடும் ஒரு கூடாரத்தைக் கண்காணிக்க வேண்டும். எப்போது எழுகிறார்கள், என்ன செய்கிறார்கள், எப்போது ஒழிகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மறுநாளே சண்டை. டாக்டரும் நானும் ஒரே கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். என் கூடாரத்தை அவர் பார்ப்பதா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளைப் பெயிண்ட் வாங்கினேன். எந்தக் கூடாரத்தை எந்த வீடு பார்க்கிறதோ, அந்த வீட்டு நம்பரை அந்தக் கூடாரத்தின் நெற்றியில் என் கையாலேயே கொட்டை கொட்டையாக எழுதினேன். நான் பார்த்துவந்த நீலக் கூடாரத்துக்குப் பதினாலு. தன் வீட்டு நம்பரைத் தானே கொண்டுபோய் அடுத்தவர் வாசலில் எழுதி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகத் திரும்பிவந்த கூட்டம் இந்த உலகத்திலேயே நாங்கள்தான்.

அடுத்த நாள் காலையில் பேப்பர் வரவில்லை. எட்டிப் பார்த்தால் நீலக் கூடாரத்தின் வாசலில் கிடக்கிறது. குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரை வரச்சொன்னேன். அவர் பூங்காவில் உட்கார்ந்து ‘பதினாலுல குழாயே இல்லையே’ என்று எனக்கே போன் பண்ணுகிறார். நான் போய் அந்தக் கூடாரக்காரரிடம் பேப்பரைக் கேட்டேன். அவர் தையல்காரர். மெலிந்த ஆள், கழுத்தில் அளவு டேப்பு.

“இந்தாங்க சார். மடிப்புக்கூடக் கலைக்கலை.”

“அது சரி. எப்பதான் கிளம்பப் போறீங்க?”

“எங்க சார்?”

“எங்கயாவது.”

“அங்கதான் சார் வந்திருக்கேன். போன எடமெல்லாம் எங்கயாவது போன்னாங்க. விசாரிச்சு விசாரிச்சு இங்க வந்து சேர்ந்தேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அவரைப் பொசுக்கியிருப்பேன். வழி சொல்கிறவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். என் வாழ்நாளில் அது முதல் தடவை. அத்தையைக் கேள்.

அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை. மாடி ஜன்னலில் நாற்காலியைப் போட்டு, பைனாகுலரைக் கண்ணில் பொருத்தி, தையல்காரரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். சாப்பாடு மறந்தது, தூக்கம் மறந்தது, மீசைக்கு மை போடக்கூட மறந்தது. நல்ல வெயில். அவர் இடது காதைச் சொறிந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கு இடது காது அரித்தது. அவர் செருப்பைக் கழற்றி உதறினார். சற்றைக்கெல்லாம் என் செருப்பில் ஏதோ குத்தியது. அவர் என்னைப் போலச் செய்கிறார் என்றால் அதட்டியிருப்பேன். முதலில் செய்கிறவர் அவர். பின்னால் செய்கிறவன் நான்! ஒரு தலைவன் பின்னால் செய்யலாமா? இதற்கு முடிவுகட்ட, மனிதப் பிறவி எவனும் நினைத்துப் பார்க்காத ஒரு காரியத்தை யோசித்தேன். நாற்காலியை விட்டு எழுந்து, ஒற்றைக்காலில் நின்று, தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சேவல் மாதிரிக் கூவினேன். கூவிவிட்டுப் பைனாகுலரில் பார்த்தேன்.

அவர் ஏற்கெனவே ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். தலையில் கை. ஊன்றிய கால் வெடவெடவென்று நடுங்கியது, வெகுநேரமாக அப்படியே நிற்கிறவர் மாதிரி.

நேரே இறங்கிப்போய்க் கூடாரத்துக்குள் புகுந்தேன். புகுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கூடத்தில் கிழக்குச் சுவரில் ஒரு ஆணி உண்டு, தெரியுமல்லவா? கல்யாணப் போட்டோவை மாட்டச் சொல்லி அத்தை கேட்க, ஆணியை மட்டும் அடித்துவிட்டு, ‘நாளைக்கு மாட்டறேன்’ என்று நான் இன்றுவரை சொல்லிவருகிற அந்த ஆணி. அது அங்கே இருந்தது. துணிச் சுவர், மாப்பிள்ளை. காற்றில் அலைகிற துணி. அதில் ஆணி எப்படி நிற்கும்? நின்றது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, நான் அடித்த அதே கோணலோடு. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு பேர் படுக்கிற கூடாரம். “என்னய்யா இது?” என்று உள்ளே நின்று கேட்டபோது என் குரல் எங்கள் கூடத்தில் எதிரொலிப்பது போலவே எதிரொலித்துத் திரும்பியது.

“எதுவும் நான் வைக்கலை சார். தானா வருது,” என்றார் தையல்காரர். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “நானும் மூணாவது மாடியில இருந்தவன்தான். எதிர்ல பாலத்துக்கடியில ஒருத்தர் படுத்திருப்பார். எப்ப கிளம்புவார், எப்ப கிளம்புவார்னு ஜன்னல்லயே இருப்பேன். கொஞ்சம் அதிகமா உத்துப் பாத்துட்டேன் போல.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒருநாள் கீழ இருந்து என் ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தேன் சார். நல்லாத்தான் தெரிஞ்சுது.”

இந்தக் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வயிற்றுக்குள் நாலு சிங்கம் உறுமியது. தட்டைப் போடு என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“ஏங்க, இப்பத்தானே சாப்பிட்டுக் கை கழுவினீங்க?”

“யாரு சாப்பிட்டா?”

“யாரா? நீங்கதான். உப்பு சரியா இருக்குன்னு கல்யாணமான நாள்லேருந்து முதல் தடவையா இன்னிக்குத்தான் சொன்னீங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

தொட்டியில் தட்டு ஈரமாக இருந்தது. துண்டும் ஈரம். அது நானில்லை என்று அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது. நான் உப்பைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வேனா? அதைவிடப் பெரிய அதிர்ச்சி, கூடத்துச் சுவரில் கல்யாணப் போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. நேராக.

இதற்கு மேல் மாநகராட்சியின் மேற்பார்வையாளர் வேறு வந்து சேர்ந்தார். லாரியைப் பூங்கா வாசலில் நிறுத்தி, ஓட்டு முடிந்த மறுநாள் காலையில் எது எதைத் தூக்க வேண்டும் என்று பார்வையிட வந்தவர். நம்பர் போட்டு வைத்த புண்ணியவானை மெச்சிக்கொண்டே ஒவ்வொன்றாக வந்தார். நானும் வேடிக்கை பார்க்கப் பூங்காவுக்கு இறங்கி வந்திருந்தேன். “பதினாலு யாருப்பா?” என்றார். பழக்கதோஷம், மாப்பிள்ளை. தெருவில் யார் பதினாலு என்றாலும் என் மார்பு தானாகவே முன்னால் வந்துவிடும். “நான்தான் பதினாலு!” என்றேன், எட்டுத் திக்கும் அதிர.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சாமான் நிறைய இருக்கா? இப்பவே கட்டி வெச்சுக்குங்க.”

“யோவ், நான் சங்கத் தலைவர்! டாக்டர், சொல்லுங்க இவர்கிட்ட, நான் யாருன்னு!”

பல் டாக்டர் பக்கத்தில்தான் நின்றார். கிட்டே வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “மேல்வரிசைப் பல்லு நான் கட்டினதுதான்,” என்றார். “ஆனா ஆளு யாருன்னுதான் பிடிபடலை.”

இவர் வீட்டில் நான் குடித்த காபியில் ஒரு கப்பலை மிதக்கவிடலாம்!

ஆகவே, கண்ணே, தூங்காமல் கேள். பூங்கா பொதுச்சொத்து என்று நானும்தான் கத்தினேன். பொது என்றால் அதில் யார் யார் அடக்கம் என்று கத்தும்போது யோசிக்கவில்லை. எனக்கு அங்கே வேண்டியது சாயங்காலத்தில் அரைமணி நேர நடை. அவர்களுக்கு வேண்டியது ராத்திரியில் ஒரு ஆள் நீளத்துக்குத் தரை. தலைக்கு மேல் கூரை கொடுத்துக் கூப்பிட்டால் அவர்களே எழுந்து வருவார்கள். கூரை கொடுக்காமல் லாரியை மட்டும் அனுப்பினால் எங்கே போவார்கள்? இன்னொரு தெருவில், இன்னொருவன் ஜன்னலுக்கு எதிரே போய்த்தான் இறங்குவார்கள். அவனும் நாற்காலியைப் போடுவான். அவனும் உற்றுப் பார்ப்பான். அவன் கதி என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவன் எவனுமில்லை. அதனால் தங்கட்டும் என்று கையைத் தூக்கு. முடிந்தால் இரண்டு கையையும் தூக்கு. ஒரு கழிப்பறையும் ஒரு தண்ணீர்க் குழாயும் வேண்டும் என்று கேள். பிளம்பர் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறார்.

அக்காவுக்கு என் வணக்கம், உன் மனைவிக்கு என் ஆசி, உன் பிள்ளைகளுக்கு என் மீசையின் முத்தம். நீ மன்றத்தலைவராகி, மேயராகி, உன் சிலையின் மேல் காக்கை உட்காரும் நாள் வரைக்கும் நீண்ட ஆயுளோடு இருக்க வாழ்த்தும்,

உன் தாய்மாமன்,
நிரந்தரத் தலைவர்.

பின்குறிப்பு: மேலே தேக்கு மேசை என்று எழுதினேனே, அது கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா. வெள்ளைப் பெயிண்ட். மின்விசிறி என்று சொன்னது மரம். போன் வீட்டில் இருக்கிறது. பக்கத்துக் கூடாரத்துப் போனை வாங்கி என் நம்பருக்கே அடித்துப் பார்த்தேன். உடனே எடுத்தார்கள். “பூங்காச் சாலைத் தலைவர் பேசறேன், யாரு?” என்றது என் குரல். அதே கர்ஜனை. “நான்…” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்சம் முன்னால் அத்தை ஒரு கிண்ணத்தில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள். “சாப்பிடுங்க சார். வியாழக்கிழமைக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க. எங்க வீட்டுக்காரர் தங்கமானவர்தான், இந்தக் கூடார விஷயத்துல மட்டும் பிடிவாதம். அவரோட அக்கா மகன் மன்றத்துல இருக்கார். தூக்கிடச் சொல்லிக் காலையிலகூடப் போன் பண்ணினார்” என்றாள். உப்பு சரியாக இருந்தது. அதைச் சொன்னேன். “அவரும் அதையேதான் சொன்னார்” என்று சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்து போய்விட்டாள்.

காலையில் உன்னைக் கூப்பிட்டவர் தையல்காரர். அவர் கூப்பிட்டு நீ சரியென்று சொல்லியிருந்தால் அதை மாற்றிச் சொல்ல இன்னும் நாளிருக்கிறது. எந்த மாமன் பேச்சைக் கேட்பது என்று குழம்பினால் வியாழக்கிழமை காலையில் பூங்காவுக்கு வந்து என்னையும் என் மாடி ஜன்னலையும் பார். யார் முதலில் செய்கிறார், யார் பின்னால் செய்கிறார் என்று தெரிந்துவிடும். இப்போது அங்கே பைனாகுலர் மின்னுகிறது. நான் ஒரு காலைத் தூக்கி, தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கப் போகிறேன். மேலே இருக்கிறவருக்கு அந்த யோசனை தோன்ற வெகுநேரம் ஆகும்.