கிராணி சிலுவாரில் விழுந்த விலாங்கு

வலை வீசி மீன் பிடிக்கிறவன் உண்டு, தூண்டில் போடுகிறவன் உண்டு, சேற்றில் கையை விட்டுத் துழாவுகிறவனும் உண்டு. ஆனால் அடுத்தவர் கால்சட்டையைத் தண்ணீரில் போட்டு விலாங்கு பிடித்த மகான் ஆகாயத்துக்குக் கீழே ஒருவர்தான். அவர் எங்கள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். துணி வெளுக்கிறவர் என்பதால் டோபி. விலாங்கு பிடிக்கிறவர் என்பதால் விலாங்கு டோபி. அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் காலம். நான் ரயில் பட்டறையில் கரி அள்ளிக்கொண்டிருந்தேன். கலியாணமாகாத கட்டை, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு மூலை. எங்கள் லைனுக்குப் பின்னால் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் செங்கல்லுக்காக மண் தோண்டிப் போட்ட பள்ளங்கள். மழைக்கு ஆறு பொங்கிப் பள்ளத்தில் ஏறும், இறங்கும்போது மீனை மறந்துவிட்டுப் போகும். மலாய்க்காரர் கெலி என்கிற கெளுத்தி, பிறகு நம்ம விலாங்கு. அந்தப் பள்ளத்தில்தான் டோபி துணி அலசுவார். காலைச் சுற்றிக்கொண்டு விலாங்கு ஓடும்போது ஒரு மனிதன் எவ்வளவு நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருப்பான்?

முதலில் கோணிப்பையில் கோழிக்குடலை வைத்துப் போட்டுப் பார்த்தாராம். விலாங்கு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. ஒருநாள் எங்கள் ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணியின் கால்சட்டை கைதவறிப் பள்ளத்தில் போய்விட்டது. கால்சட்டையை எங்கள் பக்கம் சிலுவார் என்போம். மறுநாள் தேடி எடுத்தால் இரண்டு காலிலும் இரண்டு விலாங்கு, சொந்த வீடு மாதிரி சுருண்டு படுத்திருக்கின்றன! அன்றைக்கு டோபிக்கு ஞானம் வந்துவிட்டது. கால் நுனி இரண்டையும் கயிறு போட்டுக் கட்டுவார். உள்ளே குடலும் வைக்கோலும் திணிப்பார். இடுப்பில் மூங்கில் வளையம் வைத்து வாய் குறுக்குவார். சாயங்காலம் போட்டு விடியற்காலம் எடுப்பார்.

யார் சிலுவாரையும் அவர் விட்டுவைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். மனிதர் நியாயஸ்தர். பெரிய கிராணியுடையதை மட்டும்தான் போடுவார். அவருக்கு எங்கள் வட்டாரத்திலேயே பெரிய இடுப்பு. தடித்த வெள்ளை டிரில் துணி, நெருக்கமான நெசவு, விலாங்கு தலைகீழாக நின்றாலும் நழுவ முடியாது. "சிலுவார் எங்கேப்பா?" என்று கிராணி கேட்டால், "வெயில் இல்லீங்க ஐயா, நாளைக்கு வந்துரும்" என்பார். மண்டையைப் பிளக்கிற வெயிலில் நின்றுகொண்டுதான் சொல்வார்.

பிடித்த கெளுத்தியைச் சேற்று வாடை போக நல்ல தண்ணீரில் விட்டுவைப்பார். எதில்? துணி ஊறவைக்கிற தொட்டியில். ஒருமுறை நீலம் கலக்கிய தொட்டியில் ஒரு கெளுத்தி தாவிவிட்டது. டோபியின் சம்சாரம் அதைக் கூடையில் தூக்கி, "சீமையிலேர்ந்து வந்த மீனு" என்று விற்றுவிட்டு வந்தது. அந்தம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகப் போகும். முதல் வாடிக்கை கிராணி வீடு. கிராணியம்மா விலாங்கைச் சாம்பலும் கல்லுப்பும் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்து, மிளகும் பூண்டும் அரைத்து, செரை என்கிற எலுமிச்சைப்புல் தண்டு தட்டிப்போட்டுப் புளிக்குழம்பு வைப்பார். சமையற்கட்டுக்கு நேர் பின்னால்தான் என் மூலை. அந்த வாசனையிலேயே நான் வெறும் சோறு தின்றிருக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கெளுத்தி காலை வாரியது. கெளுத்திக்குச் செவுள் பக்கம் முள் இருக்கிறதே, அது குத்தினால் தேள் தோற்றுவிடும். ஒரு முள் ஒடிந்து கிராணி சிலுவாரின் பின்பக்கத் தையலில் தங்கிவிட்டது. துவைத்தும் போகவில்லை, இஸ்திரி போட்டும் போகவில்லை. திங்கட்கிழமை துரைக்கு முன்னால் கிராணி நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த கணம் மேஜைமேல் நின்றார் என்று ஆபீஸ் பியூன் சொன்னான். பியூன் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டாலும் நாற்காலிமேலாவது நின்றிருப்பார்.

சாயங்காலம் கிராணி டோபி குடிசைக்கு வந்தார். நடை கொஞ்சம் ஒரு பக்கமாக இருந்தது. நாங்களும் பின்னால் போனோம். தொட்டியில் மீன் துள்ளுகிறது. கொடியில் அவருடைய சிலுவார், கால் நுனியில் கயிறோடு.

"டேய், என் சிலுவார்லயா மீன் பிடிக்கிறே?"

"நான் எங்கே ஐயா பிடிக்கிறேன்? அதுவா வந்து படுத்துக்குது."

"எத்தனை நாளா?"

"ஐயா இந்தச் சிலுவாரு தைச்ச நாளா."

கிராணி முகம் மிளகாய்ப்பழம் ஆகிவிட்டது. "இனிமே என் வீட்டுத் துணி சீனர் லாண்டரிக்குப் போகும். எவன் இவன்கிட்டே துணி போடுறான்னு நானும் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய கிராணி சொன்னால் அவ்வளவுதான். லீவுக்கும் வீட்டுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். விடிவதற்குள் லைன் முழுக்க மூட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. டோபியின் கொடியில் அவருடைய கோவணம் மட்டும் ஆடியது. "துணி போச்சு, சோறு போச்சு. காப்பார் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போவோம், கிளம்பு" என்று அந்தம்மா பானை சட்டியைக் கட்டியது. டோபியோ கரையில் உட்கார்ந்து, "பொறு புள்ளே, ஞாயித்துக்கிழமை வரட்டும்" என்றார். மீன் பிடிக்கவும் இல்லை. கிராணி சிலுவார் இல்லாமல் அவருக்குக் கை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் பலகைச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்: அந்த வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கஷாயம் வைப்பார்கள். கிராணி வீட்டில் பேசியது எனக்கு எல்லாமே கேட்டது.

"என்னடி குழம்பு இது?"

"கிள்ளான் மீனுங்க. பாசார்ல வாங்கினது."

"அந்த மீன் எங்கே?"

"எந்த மீன்?"

"ஞாயித்துக்கிழமை மீன்டி! மிளகு போட்டு வைப்பியே!"

"அதுவா? அது உங்க சிலுவார்லேர்ந்துதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. நீங்கதான் வேணாம்னுட்டீங்களே."

அப்புறம் தட்டை நகர்த்துகிற ஓசை மட்டும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், பள்ளத்துக் கரையில் கிராணி நின்றார். கக்கத்தில் ஒரு பழைய சிலுவார். டோபியம்மா கட்டிய மூட்டைகள் வாசலில் இருந்தன.

"இந்தாப்பா. இது எனக்குப் பத்தலை. இதுல போட்டுப் பாரு."

வேறொருவராக இருந்தால் காலில் விழுந்திருப்பார். டோபி சிலுவாரை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நைஞ்சு போச்சு ஐயா. விலாங்கு கிழிச்சுக்கிட்டுப் போயிரும். போட்டிருக்கிறதைக் குடுங்க."

டோபியம்மா தலையில் கை வைத்துக்கொண்டது. கிராணி ஆற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு, "ஒரு வேட்டி குடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைனே கரையில் நின்றது. கயிற்றைக் கிராணி யாரையும் தொட விடவில்லை, தானே இழுத்தார். கனம்! தண்ணீர் கலங்கியது. முதலில் இடுப்பு வந்தது, பிறகு கால் வந்தது. இரண்டு காலும் உப்பி, உதைத்துக்கொண்டு, ஆளில்லாத சிலுவார் தானாக நடந்து கரையேறியது. கூட்டத்தில் எவனோ கத்தினான்:

"கிராணி ஐயா! நீங்க உள்ளே இருக்கீங்களா, வெளியே இருக்கீங்களா?"

கிராணிதான் முதலில் சிரித்தார். கயிற்றை அவிழ்த்தால் விலாங்கு, விலாங்குமேல் விலாங்கு, ஒன்று என் முழங்கை தடிமன். கிராணி இரண்டு கையாலும் பிடிக்கப்போய்ச் சேற்றில் விழுந்து, விடாமல் கட்டிப்பிடித்தபடியே எழுந்தார். கடலில் சுறாவைப் பிடித்தவன்கூட அப்படி நிமிர்ந்து நின்றிருக்க மாட்டான். கரையிலேயே கல் கூட்டிச் சட்டி ஏற்றினோம். கிராணியம்மா மிளகு அரைக்க, டோபியம்மா புளி கரைக்க, நான் பட்டறைக் கரி கொண்டுவந்தேன். லைன் முழுக்கச் சாப்பிட்டும் சட்டியில் மிச்சம் இருந்தது. மூன்றாவது தரம் சோறு வாங்கும்போது கிராணி, "டேய், வாரத்துக்கு ரெண்டு சிலுவார் அனுப்புறேன். ஒண்ணை மட்டும் துவைச்சுக் குடு" என்றார்.

திங்கட்கிழமை விடிந்தபோது டோபி வாசலில் அழுக்கு மூட்டைகள் மலை மாதிரிக் கிடந்தன.

பிறகு எனக்குக் கிள்ளானில் பெண் பார்த்து முடிவாயிற்று. கல்யாண வேட்டியைச் சீனர் லாண்டரியில் போடு, பளபளவென்று வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் டோபியிடம்தான் போட்டேன். தாலி கட்டக் குனிந்தபோது புதுப்பெண் மூக்கைச் சுளித்தாள். முன்வரிசையில் இருந்த டோபியைப் பார்த்தேன். அவர் அவசரமாகப் பந்தல் கூரையைப் பார்த்தார். அதற்கப்புறம் எத்தனையோ வேட்டி கட்டிவிட்டேன், அவ்வளவு மணமாக ஒன்றும் அமையவில்லை.