எக்ஸிஷனுக்கு வேர் எது?

“எக்ஸிஷனா? சின்ன வெட்டுன்னுதானே சொன்னீங்க!”

ஆபரேஷன் மேஜையில் குப்புறப் படுத்திருந்த அகராதியார் பாதி எழுந்துவிட்டார். முதுகில் எலுமிச்சை அளவுக்குக் கொழுப்புக் கட்டி. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மாதக்கணக்காகிறது. கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு இதே மேஜையிலிருந்து இரண்டு முறை ஓட்டம் பிடித்தவர். இந்தத் தடவையும் கட்டியோடு வந்தால் கதவைத் திறக்கப் போவதில்லை என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அகராதி தொகுப்பது அவர் தொழில். யார் வாயைத் திறந்தாலும் சொல்லைப் பிடித்து வேரைத் தோண்டக் கிளம்பிவிடுவார். அலுவலகத்தில் பெயரே அப்படி நிலைத்துவிட்டது.

“லத்தீன்ல ‘எக்ஸ்’னா வெளியே. ‘கைதெரே’ன்னா வெட்டறது. வெட்டி வெளியவே எடுக்கப் போறீங்க! இன்சிஷன்னு மாத்துங்க டாக்டர். ‘இன்’னா உள்ளே. ஒரு கீறலோட போயிடும்.”

“கீறலாம் சார். கட்டி அப்படியே இருக்கும். அடுத்த வருஷம் இதைவிடப் பெரிசா வெட்டணும்.”

“அப்ப ரிசெக்ஷன்?”

“அதுல சுத்தியிருக்கற சதையும் சேர்ந்து போகுமே!”

“ஐயோ, எக்ஸிஷனே இருக்கட்டும்!”

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது உறைத்தது. கால்கள் செருப்பைத் துழாவின. உண்மையிலேயே பயந்துபோயிருந்தார், பாவம்.

“போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம் சார்,” என்றார் டாக்டர். “அந்தக் கைதெரே வேற எந்தச் சொல்லுலயாவது இருக்கா?”

அகராதியாரின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கேள்வியை வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.

“நல்லா கேட்டீங்க! முடிவெடுக்கறதை இங்கிலீஷ்ல ‘டிசைட்’ங்கறாங்களே, அதுலயும் இதே வேர்தான். மத்த வழியையெல்லாம் வெட்டி விட்டுடறது!”

“அடடே! படுத்துக்கிட்டே நிதானமா சொல்லுங்க.”

படுத்துக்கொண்டே சொன்னார். முதுகில் எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. அப்போது அவர், சுருக்கமாகப் பேசுவதைக் குறிக்கும் ‘கன்ஸைஸ்’ என்ற சொல்லை மிக விரிவாக விளக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ‘சிஸர்ஸ்’ என்ற கத்தரிக்கோலுக்குப் போனார். கத்தரிக்கோலைச் சொன்னதும்தான் தான் எங்கே படுத்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

“டாக்டர், நான் டிசைட் பண்ணிட்டேன். இன்னிக்கு வேண்டாம். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.”

தலையைத் திருப்பினார். நர்ஸ் மட்டும் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

“டாக்டர் எங்கம்மா?”

“கட்டியை எடுத்து, தையல் போட்டுட்டு அப்பவே போயிட்டாரு சார். வேரைப் பத்திச் சந்தேகம் கேக்கற யோசனைகூட அவரோடது இல்ல, காலையில உங்க வீட்டம்மா போன்ல சொல்லிக்குடுத்தது.”