காருக்கு ஏழு ஷரத்து

வக்கீல் ஆபீஸ் தலைமை டைப்பிஸ்ட் அன்று வீடு திரும்பியது சாதாரண மனிதராக அல்ல, முடிவெடுத்த மனிதராக. மனைவி கார் லைசென்ஸ் வாங்கி மூன்றே நாள். அதற்குள் ஆபீஸில் ஒரு வழக்கு. கட்சிக்காரர் ஒருவரின் மகன் காரைக் கொண்டுபோய் ஒரு சலூனுக்குள் விட்டுவிட்டான். கார் அப்பா பேரில், அதனால் கோர்ட்டில் பதில் சொல்வது அப்பா. அந்த அப்பாவின் மனுவைப் பன்னிரண்டு பக்கம் டைப் அடித்ததில் நம்மவருக்கு விரலெல்லாம் வேர்த்துவிட்டது.

'இவ எதையாவது இடிச்சா நான்ல நிக்கணும்? காரை இவ பேருக்கே மாத்திட்டா?' மூளையென்றால் இதல்லவா மூளை என்று தன் தலையைத் தானே தடவிக்கொண்டார்.

அதோடு விட்டாரா? பேர் மாற்றும் படிவத்தோடு ஓர் ஒப்பந்தப் பத்திரமும் தயாரித்தார். மொத்தம் ஏழு ஷரத்து. கடைசியை மட்டும் மூன்று முறை வாய்விட்டுப் படித்து ரசித்தார்: 'வீட்டார் யார் ஓட்டி எது நேர்ந்தாலும் உரிமையாளரே பொறுப்பு, ஆகையால், கவனமில்லாமல் ஓட்டுபவர் என்று தெரிந்தவர் கையில் உரிமையாளர் சாவி கொடுக்கலாகாது.' நாளைக்கு மச்சான் வந்து காரைக் கேட்டால்கூடத் தன் தலை உருளாது என்ற முன்யோசனை.

மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

"என்னங்க, ரெண்டு எழுத்துப் பிழை இருக்கு."

"அர்த்தத்துல பிழை இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க. பிரமாதமா எழுதியிருக்கீங்க."

"முப்பது வருஷ சர்வீஸ் இல்லையா!"

"ஏழாவதுல வீட்டார்னா எல்லாரும்தானே?"

"எல்லாரும்தான். சட்டத்துக்கு அண்ணன் தம்பி கிடையாது."

"அப்ப சரி. சாட்சிக்கு?"

"பக்கத்து வீட்டுப் பல் டாக்டரை வரச் சொல்லு."

பல் டாக்டர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். பத்திரத்தைப் படித்தார். அவருடைய முப்பத்திரண்டும் தெரிந்தது. பேப்பர் கிழியாத குறையாகக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் தன் நடையழகுக்குக் கிடைத்த மரியாதை என்றே நம்மவர் எடுத்துக்கொண்டார்.

பதினைந்து நாளில் கார் அவள் பேருக்கு மாறியது. மறுநாள் காலை நம்மவர் குளித்து, சென்ட் அடித்து, சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தார். ஆணிதான் இருந்தது.

"ஏம்மா, சாவி எங்க?"

"ஓனர்கிட்ட இருக்கு."

"கொடு, நேரமாச்சு."

"கொடுக்கக் கூடாதுங்க. ஏழாவது ஷரத்து."

"அது கவனமில்லாம ஓட்டுறவனுக்கு!"

"பல் டாக்டர் கேட்டை ரிவர்ஸ்ல வந்து சாய்ச்சது யாரு?"

"அந்த கேட் வழியில நின்னுச்சு!"

"ரெண்டு தடவையும் அங்கயேதான் நின்னுச்சு. அப்புறம் உங்க ஆபீஸ் தூணு?"

"அதை உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். தூண் மேலதான் தப்புன்னு ஒரு வாரம் சொன்னீங்க. தெரிஞ்சும் சாவி கொடுத்தா நான்ல பதில் சொல்லணும்? எனக்குப் பயமா இருக்குங்க."

பயந்தவள் காரை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். ஒரு பூந்தொட்டியைக்கூட உரசாமல் அவள் வளைத்துத் திருப்பியதைப் பார்த்தபோது நம்மவருக்கு வயிறு எரிந்தது, 'என் பெண்டாட்டியாக்கும்!' என்று பெருமையாகவும் இருந்தது.

அதற்காக இருபது வருஷம் பிடித்த ஸ்டியரிங்கை விட்டுவிட முடியுமா? பத்திரத்தில் பேர்களை எடுத்துவிட்டு ஒரு நகல் அடித்து, வக்கீல் முன்னால் போய் நின்றார்.

"சார், இதுல எங்கயாவது ஓட்டை இருக்கா பாருங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் மாட்டிக்கிட்டார்."

வக்கீல் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். இறக்கிப் படித்தார்.

"ஊசி நுழைய இடமில்லையே! உங்க ஆளு இனிமே ஸ்டியரிங்கைக் கனவுலதான் தொடணும். என் சர்வீஸ்ல இப்படி ஒரு பத்திரம் பார்த்ததில்லை. எழுதினது யாருய்யா? பெரிய மேதாவியா இருக்கணும்!"

"நான்தான் சார்!" என்றார் நம்மவர், நெஞ்சை நிமிர்த்தி.

நிமிர்ந்த அந்த நெஞ்சு, சாயங்காலம் பஸ் படிக்கட்டில் தொங்கியபோதும் குனியவே இல்லை.