பொத்தான் வைத்த மவுத்தார்கனும் பதினேழு வாக்குகளும்

உலக சங்கீத சரித்திரம் எழுதப் புறப்படுகிற பண்டிதர்கள் போடிநாயக்கனூருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்காவிட்டால் அந்தப் புத்தகம் கடலை மடிக்கத்தான் லாயக்கு. ஏனென்றால் 1954-ஆம் வருஷம், போடியின் ஏலக்காய் வியாபாரிகள் ஐந்து பேர் ஒன்றுகூடி, ‘நவீன சங்கீத அபிவிருத்திக் கமிட்டி’யை அமைத்து, மனித குலம் அதுவரை கண்டிராத முறையில் ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐவருக்கும் சங்கீதம் துளியும் தெரியாது. பாரபட்சம் இல்லாத கமிட்டிக்கு இதைவிட என்ன யோக்கியதை வேண்டும்?

இந்த மகத்தான சேவையின் பலனை அனுபவிக்கப் பிறந்தவன் ஜக்கையன். கமிட்டித் தலைவர் மொக்கச்சாமியின் கடையில் ஏலக்காய் சலிக்கிறவன். ஊரில் மவுத்தார்கன் ஊதத் தெரிந்த ஒரே ஆள். ஆனால் அவனிடம் இருந்தது சந்தையில் வாங்கிய சாதாரணப் பெட்டி. அவன் மனைவி செல்லக்கிளி அதே கடையில் காய் பொறுக்கிக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுப்பாள், இவன் கூடவே ஊதுவான். இரண்டாவது அடியில் பாட்டு லேசாக ஒரு வளைவு வளையும். அந்த இடத்துக்கு இவன் பெட்டியில் சுரமே கிடையாது.

“இந்தாங்க, அந்த எடம் வந்ததும் எதுக்குத் தாண்டித் தாண்டிப் போறீங்க? ஓடையா கெடக்கு அங்கன?” என்பாள் செல்லக்கிளி.

“நான் என்ன செய்ய? பெட்டியில இல்லையே. ஓரத்துல பொத்தான் வச்ச பெட்டி ஒண்ணு சீமையில இருந்து வருதாம். பொத்தான அமுக்குனா இடுக்குல இருக்குற அரைச்சுரமெல்லாம் வெளிய வருமாம். அது மட்டும் கையில கெடைக்கட்டும், ஒம் பாட்ட ஒரு தடவையாச்சும் முழுசா ஊதிப்புடுறேன்.”

“ஊதுங்க. அன்னைக்குக் கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறேன்.”

கோழிக்காக அல்ல, அந்த வளைவுக்காகவே அவன் நாக்கு ஊறியது. பாவம், அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் போடிமெட்டு மலைப்பாதையைச் சீர்செய்யக் கோரும் மனுவை வாங்கிக்கொள்ள ஒரு மந்திரி வருவதாகச் செய்தி வந்தது. அவர் நவீன கலையில் பிரியம் உள்ளவர் என்று கமிட்டிச் செயலாளர் பால்சாமி பத்திரிகையில் படித்திருந்தார். உடனே கமிட்டி கூடி, மந்திரி முன்னால் ஜக்கையனை நவீன வாத்தியம் ஊதவைப்பது என்று முடிவு செய்தது. மதுரைக் கடை ஒன்றிலிருந்து பொத்தான் வைத்த மவுத்தார்கன்கள் இரண்டு சாம்பிளாக வந்து இறங்கின. ஒன்று பன்னிரண்டு துளை, மற்றது பதினாறு துளை.

மொக்கச்சாமி முதலில் இரண்டையும் தராசில் வைத்தார். பதினாறு துளை தாழ்ந்தது. “நெறை இருக்கு” என்றார். பிறகு மோந்து பார்த்தார். பிறகு காதோரம் வைத்து ஏலக்காயைக் குலுக்குவதுபோல் குலுக்கினார். பன்னிரண்டு துளை சத்தமே காட்டவில்லை. பதினாறு துளைக்குள் ஏதோ கடகடத்தது.

“பாத்தீகளா! இதுதான்யா முத்துன காயி. அது பிஞ்சு.”

ஜக்கையன் பதறிப் போனான். “மொதலாளி, அது திருகாணி கழண்டு கெடக்கு. காத்து ஒழுகும். பன்னெண்டு துளைதான் கச்சிதமா இருக்கு, அத வாங்குங்க.”

“முப்பது வருசமா குலுக்குறேன், எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா? இந்தப் பொத்தான் எதுக்குடா?”

“அரைச்சுரத்துக்கு, மொதலாளி.”

“முழு வெல குடுத்துப்புட்டு அரைய எதுக்குடா வாங்கணும்? முழுசா வர்றதாப் பாக்கச் சொல்லு, பால்சாமி.”

கருத்து வேறுபாடு எழுந்ததால் ரகசிய வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஏலக்காய்க்காரர்கள் ரகசியமாக விலை பேசுவது துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தானே? தலைவர் கையைத் துண்டால் மூடிக்கொள்ள, அங்கத்தினர்கள் ஒவ்வொருவராகக் கையை உள்ளே விட்டு விரல்களை அமுக்கினார்கள். விரலுக்கு ஒரு வாக்கு. உற்சாகத்துக்கு ஏற்ப நாலு விரலும் அமுக்கினார்கள், அஞ்சு விரலும் அமுக்கினார்கள். ஐந்து பேர் கொண்ட கமிட்டியில் பதினாறு துளைக்குப் பதினேழு வாக்குகள் கிடைத்தன. பன்னிரண்டு துளைக்கு ஒரு சுண்டு விரல் விழுந்தது. அதுவும் கைதவறிப் பட்டது என்று அங்கேயே வாபஸ் ஆனது. ஜனநாயகம் இவ்வளவு செழிப்பாக வேறெங்கே விளைந்திருக்கிறது?

“ஒரு வாட்டி ஊதிப் பாத்துக்கிறட்டுமா, மொதலாளி?” என்று கையை நீட்டினான் ஜக்கையன்.

“இருடா. பொறுப்புள்ளவுக மொதல்ல பரிசோதிக்கணும்.”

பொறுப்புள்ளவர்கள் ஐந்து பேரும் வரிசையாக ஊதினார்கள். வெற்றிலை போட்ட வாய்கள், புகையிலை அடக்கிய வாய்கள். சத்தம் வந்தது. என்ன சத்தம் என்பது கமிட்டியின் ஆய்வுக்கு உட்பட்டதல்ல. கடைசியாக ஊதிய பால்சாமி பெட்டியைத் தன் உள்ளங்கையில் தட்டினார். நாலைந்து சொட்டு விழுந்தது.

“அண்ணே, ஈரம்!”

சபை நடுங்கிவிட்டது. ஏலக்காய் வியாபாரத்தில் கொலைக் குற்றத்துக்குக்கூட மன்னிப்பு உண்டு, ஈரத்துக்குக் கிடையாது. “பூசணம் பிடிச்சிரும். வெரசா குரங்கணியில காய் உலர்த்துற ஸ்டோருக்கு ஏத்துங்கப்பா!” என்று கூவினார் மொக்கச்சாமி.

“மொதலாளி, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கிறேன்! துணியால தொடச்சு நெழல்ல வச்சாப் போதும். உள்ள இருக்கிறது மரம். சூடு பட்டா வெடிச்சுப் போகும்!”

“பச்சைக்காயே வெடிக்காம உலருது. காஞ்ச மரம் வெடிக்குமாக்கும்?”

ஆக, சீமையில் பிறந்த அந்த வாத்தியம் மலையடிவாரத்து உலர்த்தும் அறையில், பச்சை ஏலக்காயோடு ஒரே தட்டில் பரப்பப்பட்டது. ஒண்ணரை நாள் விறகுச் சூடு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட ஆள் போட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது கமகமவென்று மணந்தது. தலைவர் குலுக்கிப் பார்த்தார். முன்பு ஒரே இடத்தில்தான் கடகடத்தது, இப்போது எல்லா இடத்திலும் கடகடத்தது.

“ஆகா! இப்பத்தான்யா பக்குவம்!”

ஜக்கையனுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. “இப்பவாச்சும் ஒரு தடவை குடுங்க, மொதலாளி. மேடைக்கு முந்தி ஒரே ஒரு தடவை.”

“நீ ஊதுனா மறுபடி ஈரமாகும்லடா, கூறுகெட்டவனே!”

வாத்தியம் பட்டுத் துணியில் பொதிந்து அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. மந்திரியே தம் திருக்கரத்தால் பிரித்து வித்வானிடம் வழங்குவார் என்று தீர்மானம் நிறைவேறியது.

விழா நாளும் வந்தது. செல்லக்கிளி முன்வரிசையில் பாதி எழுந்து நின்றாள். ஜக்கையன் உதட்டை நனைத்துக்கொண்டு, பாட்டை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு, இரு கையையும் ஏந்தி நின்றான். மந்திரி முத்திரையை உடைத்துத் துணியை விரித்தார். பித்தளைத் தகடு ஒரு பக்கம், பொத்தான் ஒரு பக்கம், திருகாணிகள் நாலு பக்கம். நடுவில், பல் பல்லாக வெட்டிய மரச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. மந்திரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்வைக்கு அச்சு அசல் சீப்பு.

மந்திரியின் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது என்பதை இங்கே வருத்தத்துடன் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

“எனக்கா இது?” என்றார் அவர்.

“ஒங்களுக்குத்தானுங்க! அஞ்சு பேரும் பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்தது!” என்றார் மொக்கச்சாமி, பூரிப்போடு.

மந்திரி மனுவை வாங்காமலே காரில் ஏறிப் போய்விட்டார். ஜக்கையன் ஏந்திய கையை இறக்க மறந்து நின்றான். செல்லக்கிளி மேடை ஏறி வந்து, அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

கமிட்டி சும்மா விடுமா? மறுநாள் காலையிலேயே கடையில் விசாரணை நடந்தது. ஐந்து பேரும் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். சாட்சிகளே நீதிபதிகளாகவும் இருந்தபடியால் காலவிரயம் ஏற்படவில்லை. பால்சாமி தீர்ப்பை வாசித்தார்: “மேற்படி வாத்தியத்தைக் கமிட்டி அங்கத்தினர்கள் ஐவரும் ஊதியபோது நல்ல நிலையில் சத்தம் வந்தது நிரூபணமாகிறது. ஆகவே அது கெட்டதற்கு வித்வான் ஜக்கையனே பொறுப்பு. அவன் இனிமேல் எந்த வாத்தியத்தையும் வாயில் வைக்கலாகாது. அவன் வசமுள்ள பழைய பெட்டியும் கமிட்டியின் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.”

ஜக்கையன் இடுப்பிலிருந்த பெட்டியை எடுத்து வைத்தான். செல்லக்கிளி காய் பொறுக்குவதை விட்டுவிட்டு எழுந்தாள்.

“என்ன மொதலாளி அநியாயம் இது? அந்தச் சீமைப் பெட்டிய இந்த மனுசன் ஒரு தடவகூட ஊதலையே!”

மொக்கச்சாமி அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“அதுதான ஆத்தா குத்தமே! ஊதத் தெரிஞ்சவன் ஊதாம இருந்துட்டான். அதனாலதான ஒரு மண்ணும் தெரியாத நாங்க அஞ்சு பேரும் ஊத வேண்டியதாப் போச்சு?”